முதல் இரண்டு வரி

எமது மாத மடலுக்கு வாசகியரைச் சேர்க்க முகநூலில் எப்படி எழுதுவது என்று அல்லைப்பிட்டி மாதர் சங்கச் சகோதரிகள் கேட்கின்றனர். சுருக்கமாக எழுதுங்கள். நீண்ட பதிவில் முதற் சில வரிகளையே முகநூல் காட்டும். "அன்பார்ந்த உறவுகளே" என்று தொடங்கினால் விடயம் உள்ளேயே மறைந்துவிடும்.

"கணவர் காணாமற்போனவரா? காணி அவர் பெயரிலா? மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். விபரம் இம்மாத மடலில்." இவ்வளவும் போதும். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த இச்சான்றிதழைக் கொண்டு சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், உதவிப்பணமும் கோரலாம். நான் சந்தித்த பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அழும் முகத்தைப் போட்டால் பாரிசிலிருந்தும் விருப்பக்குறிகள் குவியும், உண்மைதான். ஆனால் அந்தப் பெண் நாளைக்குச் சந்தைக்குப் போகவேண்டுமே! படம் வேண்டுமானால் விண்ணப்பப் படிவத்தின் படத்தைப் போடுங்கள்.