பூட்டு வேண்டாம், நோட்டீஸ் போதும்

நம் சங்கத்தில் கட்டிட உரிமையாளர்களும் உண்டு, வாடகைக் கடைக்காரர்களும் உண்டு. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கடை வாடகைக்கு விட்டிருப்பவரும், சிதம்பரம் மேல வீதியில் வாடகைக் கடையில் மளிகை நடத்துபவரும் ஒரே கூட்டத்தில் அருகருகே அமர்கிறோம். ஆகவே இரு தரப்பையும் மனதில் கொண்டே இதை எழுதுகிறோம்.

வாடகை மாதக்கணக்கில் நின்றுவிட்டால் கடைக்குப் பூட்டுப் போடுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சரக்கை வெளியே எடுத்து வைப்பது என்று சில உரிமையாளர்கள் இறங்கிவிடுகிறார்கள். இது கூடவே கூடாது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், 1963-ஆம் வருட ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, கட்டிடம் யாருடையது என்று பாராமலே இடத்தைத் திரும்பப் பெறலாம். பாக்கியும் வராது, வழக்குச் செலவும் நம் தலையில் விழும்.

1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், பாக்கி வேண்டுமென்றே வைத்ததா என்று கோர்ட் பார்த்தது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே வைத்த பாக்கிதான் என்று, சுந்தரம் பிள்ளை வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1985-ல் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ஆம் வருடச் சட்டம் 22.2.2019 முதல் அமலில் உள்ளது. இதன்படி இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பலாம். ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் கடைக்காரர் தப்பலாம். கட்டாவிட்டால் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றம் போகலாம்.

ஆனால் இதற்கெல்லாம் எழுத்து வேண்டும். நம்மில் பலர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வாய்ப்பேச்சிலேயே கடையை விடுகிறோம். ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய சட்டம். பாக்கியை வசூலிக்க வழக்குப் போடவும் மூன்று வருடம்தான் கெடு. தாட்சண்யத்தால் நாளைக் கடத்தினால் பழைய பாக்கி கைவிட்டுப் போகும்.

கடைக்கார அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதாமாதம் ரசீது கேட்டு வாங்குங்கள். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி உண்டு. கட்டாமல் கையில் வைத்திருப்பது ஆபத்து.

2011 டிசம்பர் தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் நம் மாவட்டத்தில் வியாபாரம் படுத்ததை மறக்க முடியாது. அப்படிப்பட்ட காலத்தில் வாடகையைக் குறைக்கவோ தவணையில் வாங்கவோ உரிமையாளர் மனமுவந்து சம்மதித்தால், அதையும் இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்வதே நல்லது. புதிய சட்டம் பாக்கியின் காரணத்தை விட மாதக் கணக்கையே பார்க்கிறது. நல்லெண்ணத்தில் சொன்ன வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது.

உறுப்பினர்கள் இந்த மாதமே தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.