தட்டச்சுப் பலகையில் மாயாமாளவகௌளை

கணினியில் இசையமைத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் அறிவுரை, "முதல்ல ஒரு மிடி கீபோர்டு வாங்கு" என்பதுதான். கடைக்காரர் சொல்வதில் வியப்பில்லை. சொல்லிக்கொடுப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். 25 கட்டைகள் கொண்ட சின்னக் கருவிக்கே சில ஆயிரம் ரூபாய் வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பார்க்கும் வீட்டில் அந்த ஆசை அதோடு நின்றுபோகும். இந்த அறிவுரை தவறு என்பது என் கட்சி. கணினியோடு வந்த தட்டச்சுப் பலகையே தொடங்குவதற்குப் போதும். கையில் காசில்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானமாக இதைச் சொல்லவில்லை. இசையை எழுதப் பழகுவதற்கு அது நல்ல கருவி என்பதால் சொல்கிறேன்.

மென்பொருளுக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாடு, ஒரு கட்டையை அழுத்துவதைச் சில எண்களாகச் சுருக்கிவிட்டது. எந்தச் சுரம் என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் எண். பியானோவின் நடு 'சி'க்கு 60. எவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள் என்பதற்கு 1 முதல் 127 வரை இன்னோர் எண். விரலை எடுத்ததும் எடுத்தாயிற்று என்று ஒரு செய்தி. இவற்றில் ஒலி என்று எதுவும் கிடையாது. வயலினோ தவிலோ, கேட்பதெல்லாம் மென்பொருளில் ஏற்றி வைத்த ஒலி. லட்ச ரூபாய்க் கருவி அனுப்புவதும் அதே 60. தட்டச்சுப் பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் மென்பொருள் எழுதிக்கொள்வதும் அதே 60. பிறகு அது கட்டம் போட்ட திரையில் ஒரு சிறு பட்டையாக விழுகிறது. அதை இழுக்கலாம், நறுக்கலாம், ஒரு கட்டம் முன்னே தள்ளலாம், வேண்டாமென்றால் அழித்துவிடலாம். இப்படித் திருத்தித் திருத்தி ஒழுங்கு செய்யும் வேலை, வாசிப்பதைவிட எழுதுவதற்குத்தான் நெருக்கம்.

எழுத்துகள் அமைந்திருக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. எஃப்எல் ஸ்டுடியோ, இலவச மென்பொருளான எல்எம்எம்எஸ் இரண்டிலும் கீழ் வரிசையில் இசட் முதல் எம் வரை உள்ள ஏழு எழுத்துகள் ஏழு வெள்ளைக் கட்டைகள். அவற்றுக்கு மேலே எஸ், டி, ஜி, எச், ஜே ஐந்தும் கறுப்புக் கட்டைகள். இடையில் எஃப் மட்டும் ஊமை. பியானோவிலும் அந்த இடத்தில் கறுப்புக் கட்டை கிடையாது. கியூவில் மேல் ஸ்தாயி தொடங்கும். ஏபிள்டன் லைவும் கராஜ்பேண்டும் ஏ-யில் தொடங்கும் நடு வரிசையை வெள்ளைக் கட்டைகளாக்கி, ஸ்தாயியை ஏற்றி இறக்க இசட், எக்ஸ் இரண்டையும் ஒதுக்கியிருக்கின்றன. இசட்டை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டு கீழ் வரிசையை நேராகத் தட்டிப் போனால் சங்கராபரணம். சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளைக்கு இசட், எஸ், சி, வி, பி, எச், எம், கியூ. மோகனத்துக்கு இசட், எக்ஸ், சி, பி, என், கியூ. மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபமான எஸ்ஸிலிருந்து அந்தர காந்தாரமான சி-க்குப் போகும்போது எக்ஸும் டி-யும் நடுவில் சும்மா கிடக்கின்றன. அந்த ராகத்தின் குணம் எங்கிருந்து வருகிறது என்பதை விரல் தாவும் தூரமே சொல்லிவிடும். 12 ஸ்வரஸ்தானங்களை வாய்ப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்தத் தூரம் எளிதில் பிடிபடுவதில்லை.

இது நேற்று வந்த குறுக்கு வழியும் இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஓபார்ஸ்கி 1987-ல் அமிகா கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். நான்கே ஒலித்தடங்கள், மேலிருந்து கீழே ஓடும் வரிசைகளில் சுரங்களை எழுத்தும் எண்ணுமாக நிரப்ப வேண்டும். அதன் வழிவந்த ட்ராக்கர்களில் சுரம் இட்டது தட்டச்சுப் பலகை. இசட்டில் தொடங்கும் அடுக்கு அங்கே பழகியதுதான். ஐரோப்பியப் பதின்வயதினர் அதைக் கொண்டு இசையும் படமும் சேர்ந்த டெமோக்களைச் செய்து போட்டி போட்டார்கள். அந்தக் கலையைப் பின்லாந்து 2020-லும் ஜெர்மனி 2021-லும் தத்தம் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. 'அன்ரியல்' (1998), 'டியஸ் எக்ஸ்' (2000) விளையாட்டுகளின் இசை ட்ராக்கர் கோப்புகளாகவே வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் கால்வின் ஹாரிஸ் 2007-ல் வெளியிட்ட முதல் தொகுப்பை அமிகாவில் ஆக்டாமெட் என்ற ட்ராக்கரில்தான் செய்தார். தட்டச்சு இயந்திரமே பியானோவைப் பார்த்துப் பிறந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்காவில் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868-ல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் எழுத்து விசைகள் பியானோக் கட்டைகள் போலத்தான் இருந்தன.

எதிர்த்துச் சொல்லப்படுவதில் வலுவானது, தட்டச்சு விசைக்கு மெல்லத் தொடுவதும் ஓங்கி அடிப்பதும் ஒன்றுதான் என்பது. உண்மை. ஆனால் ஹார்ப்சிகார்டிலும் அப்படித்தான். எப்படி அழுத்தினாலும் தந்தி ஒரே அளவில்தான் மீட்டப்படும். டொமெனிகோ ஸ்கார்லட்டி 555 சொனாட்டாக்கள் எழுதியது பெரும்பாலும் அந்தக் கருவிக்காக. நம் ஆர்மோனியத்திலும் ஒலியைக் கூட்டிக் குறைப்பது துருத்திதான், கட்டையை அழுத்தும் விரல் அல்ல. மென்பொருளிலோ தட்டி முடித்த பிறகு ஒவ்வொரு சுரத்தின் அழுத்தத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். ஏபிள்டனிலும் கராஜ்பேண்டிலும் தட்டும்போதே சி, வி விசைகளால் மாற்றலாம். இதைச் சொல்லிப் பியானோ விரலின் நயத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதும் தெரியும். மேடையில் இரண்டு கையாலும் வாசிக்க விரும்புகிறவருக்குத் தட்டச்சுப் பலகைப் பழக்கம் உதவாது. கட்டையின் அகலம், கனம், கைகள் விரியும் தூரம் எல்லாமே வேறு. அவர் முதல் நாளிலிருந்தே உண்மையான கட்டைகளில் பழகட்டும். என் வாதம் எழுத விரும்புகிறவரைப் பற்றியது.

மற்றக் குறைகள் இசையைச் சேர்ந்தவை அல்ல, மின்னணுவைச் சேர்ந்தவை. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில நேரம் இரண்டுதான் ஒலிக்கும். மலிவான பலகைகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிகளின் சந்திப்புகளில் அமைந்திருக்கும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் அழுத்தப்பட்டால் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பலகை மூன்றாவது விசையை விழுங்கிவிடும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால் தீரும், செலவை மிச்சம் பிடிக்க வைப்பதில்லை. தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் என்பது அடுத்த புகார். கீபோர்டு வாங்கினால் அது போய்விடும் என்று நம்பிக் காசைக் கொட்டுகிறவர்கள் உண்டு. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் ஓடும் கணினியில் 512 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினாலே ஏறக்குறைய 11.6 மில்லிநொடி போய்விடும். 128 ஆக்கினால் 2.9. விலையுயர்ந்த கீபோர்டின் ஒலியும் இதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒலியைத் தாமதம் குறைத்து அனுப்பும் ஏஎஸ்ஐஓ டிரைவர் ஒன்றை நிறுவி அந்த எண்ணைக் குறைத்தால், எந்தப் பலகையாக இருந்தாலும் தாமதம் பெரிதும் குறையும். விண்டோஸுக்கு அப்படியொரு டிரைவர் இலவசமாகவே கிடைக்கிறது.

சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் விசைகளில் வராது என்ற ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கட்டை வைத்த கருவிகளின் மேல் இந்தச் சந்தேகம் பழையது: சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்ல முடியாதது, சுருதி நிலை மாறாதது என்று சொல்லி 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கீபோர்டு சத்யநாராயணன் போன்றவர்கள் கர்நாடக இசையைக் கீபோர்டில் கொண்டுவருவது, இடது கையால் சுருதியை வளைக்கும் சக்கரத்தைப் பல ஆண்டுகள் பழகியதால். தட்டச்சுப் பலகையில் அந்தச் சக்கரம் இல்லை. கராஜ்பேண்டில் 1, 2 விசைகள் சுருதியை வளைக்கும் என்றாலும் தோடியின் காந்தாரத்தை அதில் தேட வேண்டாம். ஆனால் சக்கரமுள்ள சாதாரணக் கீபோர்டை வாங்கிய மாணவருக்கும் அன்றே தோடி வந்துவிடாது. சுரங்களை இட்ட பின் திரையில் வளைகோடு வரைந்துதான் இருவருமே கொஞ்சமாவது நெருங்க முடியும். கர்நாடக சங்கீதத்தைக் குரலில் பழகுவதே நல்லது. கணினி அதற்குப் போட்டியல்ல.

இப்படி எழுத்து விசையைத் தட்டுவது இசையை மலினமாக்கும் என்ற பேச்சு எனக்குப் புரிவதில்லை. ஆயத்தத் துண்டுகளை அடுக்கினாலே ஒரு பாட்டு ஆகிவிடும் காலம் இது. இரண்டு வரி விவரம் எழுதினால் செயற்கை நுண்ணறிவு முழுப் பாட்டையும் கொடுத்துவிடுகிறது. இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த சுரம் வி-யா பி-யா என்று யோசித்துத் தட்டும் பிள்ளைதான் இசையோடு மல்லுக்கட்டுகிறது.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் லட்சக்கணக்கான மாணவர் வீடுகளுக்குக் கணினி போனது. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. அந்தக் கணினிகளில் எல்எம்எம்எஸ்ஸை ஏற்றச் செலவில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது ஓடும். வாங்க வேண்டியது ஹெட்போன் மட்டும். இல்லாவிட்டால் அடுத்த வகுப்பு ஆசிரியர் சண்டைக்கு வருவார். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் பாடமாக 16 கட்டங்களில் ஒரு தாளத்தை இட்டு, அதன் மேல் மோகனத்தில் நான்கு அடி எழுதச் சொல்லலாம். ஓரிரு பருவங்களில் சிலர் இரண்டு கையாலும் வாசிக்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார்கள், சிலர் ஒலி ஏறி இறங்கவில்லை என்பார்கள். கீபோர்டு வாங்குவது பற்றிப் பெற்றோரிடம் பேச வேண்டியது அப்போதுதான். 25 கட்டையா 61 கட்டையா என்பதை அதற்குள் அந்தப் பிள்ளைகளே முடிவு செய்திருப்பார்கள்.