அடித்த கைக்குத் துப்பாக்கி உரிமையா?

ஒருவன் தன் பெண்ஜாதியை அடித்தான். கோர்ட்டாரும் அவன் குற்றவாளியே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், சாதாரண புத்தியுள்ள எவனும் கூடாதென்றே சொல்லுவான். ஆனால் நாகரிகத்தில் தலைசிறந்ததாகப் பேசப்படும் அமெரிக்காவில், 1996-ம் வருஷம் வரை தேசம் முழுமைக்குமான சட்டம் இதற்குத் தடை சொல்லவில்லை.

1968-ல் செய்த சட்டம், குற்றத் தீர்ப்புப் பெற்றவர்களில் பெருங்குற்றவாளிகளுக்கு மாத்திரமே துப்பாக்கியைத் தடுத்தது. பெண்ஜாதியை அடிப்பதோ "குடும்பச் சண்டை" என்ற பேரால் பெரும்பாலும் சில்லரைக் குற்றமாகச் சுருங்கிவிடும். நியூஜெர்சியைச் சேர்ந்த செனட்டர் பிராங்க் லாட்டன்பர்க் கொண்டுவந்த திருத்தம்தான் 1996-ல் இந்த ஓட்டையை அடைத்தது. போலீஸ்காரனுக்கும் பட்டாளத்தானுக்கும்கூட இதில் விலக்கில்லை என்பது மெச்சத்தக்க விஷயமாகும்.

இதற்கு மறுப்புச் சொல்லுவோர், "சில்லரைக் குற்றத்திற்காக அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை ஆயுள் முழுதும் பறிப்பதா?" என்கிறார்கள். சுமார் பத்து வருஷகாலம் விசாரணையில் ஒரு கேள்வியும் கேளாதிருந்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 2016-ல் வாய் திறந்ததும் இதைக் கேட்பதற்காகவே! தண்டனை ரத்தானாலோ மன்னிப்புக் கிடைத்தாலோ பொதுவாகத் தடை நீங்கிவிடும் என்பது ஒருபுறமிருக்கட்டும். அடி சில்லரையா, அடிக்கு வைத்த பேர் சில்லரையா? அடிக்கிற புருஷன் கையில் துப்பாக்கியும் இருந்தால் அவள் கொல்லப்படும் அபாயம் பல மடங்கு ஏறுகிறதென்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. செத்தபிறகு அதைப் பெருங்குற்றம் என்று எழுதி என்ன பிரயோஜனம்?

நிற்க, 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு, துப்பாக்கிச் சட்டம் எதுவும் முன்னோர் காலத்து வழக்கத்தோடு பொருந்தவேண்டும் என்று விதித்தது. இதைப் பிடித்துக்கொண்டு, மனைவியையோ காதலியையோ நெருங்கக்கூடாதென்று கோர்ட்டு உத்தரவு பெற்றவனுக்குள்ள துப்பாக்கித் தடையும் செல்லாதென 2023-ல் ஒரு அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்த முன்னோர் யார்? துப்பாக்கி உரிமை எழுதப்பட்ட 1791-ல் பெண்ணுக்கு அநேகமாக எங்கும் ஓட்டில்லை. 1824-ல் மிசிசிப்பி மாகாணக் கோர்ட்டு, புருஷன் பெண்ஜாதியை "மிதமாக" அடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அடிபட்டவளைக் காப்பாற்றலாமா என்று அடித்தவன் பாட்டனிடம் போய்க் கேட்பதும் ஒரு நியாயமா? பழைய ஏட்டைப் புரட்டி அறிவை அடகு வைப்பது எந்தத் தேசத்தில் நடந்தாலும் மூடத்தனமேயாகும்.

நல்லவேளையாக 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு, 8 பேருக்கு 1 பேர் என்ற கணக்கில் அத்தீர்ப்பைத் தள்ளி, தடை செல்லும் என்றது. எதிர்த்த அந்த ஒருவர் மேற்படி தாமஸேதான்.

ஆனால் இவ்வளவோடு வேலை தீர்ந்துவிடவில்லை. வைத்திருக்கக்கூடாதென்று சொல்லும் தேசச் சட்டம், அவன் வீட்டிலுள்ள துப்பாக்கியை யார், எப்படி வாங்குவது என்பதற்கு வழி வகுக்கவில்லை. அது மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே துப்பாக்கியையும் வாங்கிவிட வேண்டும்.

உரிமை, உரிமை என்கிறார்கள். அடிபட்டவளுக்கு உயிரோடிருக்கும் உரிமை முதலில் நிலைக்கட்டும். அடித்தவனுடைய துப்பாக்கி உரிமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.