கடன் கொப்பி மீது பழி போடாதீர்கள்

டிக்கோயாக் கடைகளில் வியாபாரத்துக்குக் குறைவில்லை, கடைக்காரர்கள் கடன் கொடுத்தே கெட்டுப்போகிறார்கள், கடன் கொப்பியை மூடினால் லாபம் தானாக வரும் என்று சிலர் வாதிடுகிறார்கள். என்னால் ஏற்க முடியாது. தோட்டச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வருகிறது. அதற்கு முந்திய வாரம் பல லயங்களில் அடுப்பு எரிவதே அந்தக் கொப்பியால்தான். அதை மூடினால் விற்பனையும் போய்விடும்.

ஓட்டை விலை போடும் முறையில் இருக்கிறது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அப்படி விலை ஏறும்போது என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 ரூபாய்க்கு வாங்கிய பருப்பை 330க்கு விற்றால் கிலோவுக்கு 30 ரூபாய் லாபம் என்று மனம் சொல்லும். மறுபடி ஹட்டனுக்குப் போனால் கொள்முதல் விலையே 360. பத்து மூட்டை விற்ற காசுக்கு ஒன்பது மூட்டைதான் வரும். விற்பனை எவ்வளவு வேகமோ, முதல் கரைவதும் அவ்வளவு வேகம்! கைக்காசுக்கே விற்றாலும் இந்த நட்டம் நட்டம்தான்.

மின்கட்டணத்தையும் மறக்கக்கூடாது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 சதவீதம் ஏறியது. குளிர்பானத்தில் கிடைக்கும் சொற்ப காசு பிரிஜ் ஓடும் செலவுக்குக் கட்டுமா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

கடைக்காரர்களிடம் கடனுக்கு ஆளுக்கொரு வரம்பு வைக்கச் சொல்லுங்கள், சரி. ஆனால் அடுத்த மூட்டையின் விலையை வைத்து இன்றைய விலையைப் போடச் சொல்வதுதான் முதல் வேலை. கடையிலிருந்து அவர்களின் சொந்த வீட்டுக்குப் போகும் சீனியையும் மாவையும் அதே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.