எலி தேறியது... நோயாளி எழுந்தாரா?

புற்றுநோய் வந்தவர்கள் சாப்பிட்டாலும் இளைத்துக் கொண்டே போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கட்டியால் உடலில் ஏற்படும் அழற்சி, பசியைக் குறைப்பதோடு தசையையும் கரைக்கிறது. இதற்கு கேக்கெக்சியா என்று பெயர். சத்தான உணவால் மட்டும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது என்பதுதான் கொடுமை!

இதை ஆராய விஞ்ஞானிகள் பெரிதும் நம்புவது சுண்டெலிகளை. சி26 என்ற பெருங்குடல் புற்றுச் செல்களை எலியின் தோலுக்கடியில் செலுத்தினால் சில வாரங்களிலேயே அது மெலிந்துவிடும். 2010-ல் 'செல்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், ஆக்டிவின், மயோஸ்டாடின் புரதங்களின் வேலையைத் தடுத்ததும், கட்டி வளர்ந்து கொண்டிருந்தபோதே எலிகளின் தசை மீண்டது. ஆயுளும் நீண்டது.

மனிதர்களிடம் கதை அவ்வளவு எளிதாக இல்லை. அனமோரெலின் என்ற மருந்தை நுரையீரல் புற்று நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 2016-ல் வெளிவந்தன. தசை எடை கூடியது, ஆனால் கைப்பிடி வலிமை கூடவில்லை! 2017-ல் ஐரோப்பா அதற்கு அனுமதி மறுத்தது. 2021-ல் ஜப்பான் அனுமதித்தது.

ஏன் இந்த வித்தியாசம்? சோதனை எலி பெரும்பாலும் இளம் வயது எலி. அதற்கு வேறு நோய் இல்லை, கீமோதெரபியும் இல்லை. சில ஆய்வுகளில் கட்டி மட்டுமே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும். 60 கிலோ மனிதருக்கு 6 கிலோ கட்டி என்று கற்பனை செய்து பாருங்கள்!

அதற்காக எலி ஆய்வே வீண் என்பதும் தவறு. ஜிடிஎஃப்-15 என்ற புரதத்தைத் தடுத்தால் புற்றுக்கட்டியால் ஏற்படும் எடை இழப்பு மீளும் என்பது 2007-லேயே எலிகளில் தெரிந்தது. அதே புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் மருந்தை 187 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2024-ல் வந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, மருந்தில்லா ஊசி பெற்றவர்களைவிட 12 வாரத்தில் சுமார் 2.8 கிலோ கூடுதலாக இருந்தது. ஆனால் எலியிலிருந்து இங்கு வர 17 ஆண்டுகள்!

எனவே மாற வேண்டியது ஆய்வின் முறை. வயதான எலிகள் வேண்டும், கீமோதெரபியும் சேர வேண்டும். தராசில் ஏறும் எடையோடு, பிடிக்கும் வலிமையையும் ஓடும் தூரத்தையும் அளக்க வேண்டும். நோயாளி கேட்பது கிலோ கணக்கை அல்ல, பிறர் துணையின்றிக் கட்டிலைவிட்டு எழும் பலத்தை. அந்தக் கேள்விக்குப் பதில் தராத சோதனையில் எலியின் உயிரும் வீண், நோயாளியின் காத்திருப்பும் வீண். அப்படித்தானே நண்பர்களே?