படிக்க வந்தவர்களும் நம் பொறுப்பே

வெளிநாடுகளில் படிக்கும் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டில் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. இந்தியாவுக்குப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்களோ, உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின்படி 2021-22-ஆம் கல்வியாண்டில் 46,878 பேர் மட்டுமே. அவர்களிலும் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் அண்டை நாடான நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கையை 5 ஆண்டுகளில் 2 லட்சமாக உயர்த்தும் குறிக்கோளுடன் 2018-இல் மத்திய அரசு 'இந்தியாவில் படியுங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் காலக்கெடு கடந்துவிட்டது. இலக்கு எட்டப்படவில்லை.

இதற்குப் பல்கலைக்கழகங்களின் தரவரிசைதான் காரணம் என்று கூறி ஒதுங்கிவிட முடியாது. ஒரு மாணவர் வேறொரு நாட்டின் பெருநகரத்துக்குப் படிக்கச் செல்லும்போது வகுப்பறையில் கழிப்பது சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அவருக்கு ஆசிரியராக இருப்பது அந்த நகரம். தலைநகர் தில்லி அத்தகைய ஆசிரியராக நடந்துகொள்கிறதா என்பதே கேள்வி.

தில்லிக்கு அதற்கான தகுதி இல்லாமல் இல்லை. 1950-இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நிறுவிய இந்திய கலாசார உறவுகள் குழு, ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. சார்க் நாடுகளுக்குப் பொதுவான தெற்காசியப் பல்கலைக்கழகம் 2010 முதல் இங்குதான் இயங்குகிறது. நேபாளப் பிரதமராக இருந்த பாபுராம் பட்டராய் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மியான்மரின் ஆங் சான் சூச்சி தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியின் மாணவி. ஆப்கானிஸ்தான் அதிபராக இருந்த ஹமீத் கர்சாய் சிம்லாவில் பயின்றவர். இவர்கள் மாணவர்களாக வந்தபோது பிற்காலத்தில் என்ன ஆவார்கள் என்று எவருக்கும் தெரியாது. இன்று வருபவர்களுக்கும் அது பொருந்தும்.

ஆனால் நடைமுறை எப்படி இருக்கிறது? 2017 மார்ச்சில், தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் பிளஸ் 2 மாணவர் ஒருவர் இறந்தார். அதற்குப் போதைப்பொருளே காரணம் என்ற சந்தேகம் நைஜீரிய மாணவர்கள் மீது திரும்பியது. பிடிக்கப்பட்டவர்கள் ஆதாரமின்றி விடுவிக்கப்பட்டனர். இருந்தும் வணிக வளாகத்துக்குள் புகுந்து ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் தாக்கியது. ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் கூட்டாகக் கண்டித்தபோது, விசாரணை முடியும் முன் இதை இனவெறித் தாக்குதல் என்று கூற இயலாது என்பதே மத்திய அரசின் பதிலாக இருந்தது.

2009-இல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது ஆஸ்திரேலிய அதிகாரிகளும் அவற்றைச் சாதாரணக் குற்றங்கள் என்றே கூறினர். அந்த விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. நம் நாடாளுமன்றமும் கொதித்தது. நம் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், பிறர் பிள்ளைகளுக்கு வேறொரு நியாயம் என்பது எந்த வகையில் முறையாகும்?

இது தில்லியோடு நிற்கும் குறையும் அல்ல. 2024 மார்ச்சில் ஆமதாபாதில் குஜராத் பல்கலைக்கழக விடுதியில் ரமலான் தொழுகையில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் தாக்கப்பட்டனர். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்ததும் ஆப்கானியர்களுக்கு முன்னர் வழங்கப்பட்ட விசாக்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டதால், கொரோனா காலத்தில் ஊருக்குச் சென்றிருந்த மாணவர்கள் பலர் படிப்பைத் தொடரத் திரும்ப முடியாமல் தவித்தனர். பாதுகாப்புக் கவலை நியாயமானதே. எனினும் நம் கல்லூரிகளின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களையும் புதியவர்களைப் போலவே நடத்தியிருக்க வேண்டியதில்லை.

ஓரிரு பருவங்களுக்கு மட்டும் பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 180 நாள்களுக்கு மேல் தங்கும் விசா பெற்றவர்கள் வந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முகவரிச் சான்று தேவை. விடுதியில் இடம் இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். வெளிநாட்டவர், அதிலும் கருப்பினத்தவர் என்றால் வீட்டு உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். நவம்பர் வந்தால் காற்று மாசு. 2024-இல் தில்லி பல்கலைக்கழகமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் வகுப்புகளை இணையவழிக்கு மாற்ற நேர்ந்தது. கடல் கடந்து வந்தவர் அறைக்குள் அமர்ந்து கணினித் திரையில் பாடம் கேட்பதற்கு, அவர் தன் ஊரிலேயே இருந்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. வெளிநாட்டு மாணவர்களை ஏற்கும் ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் அவர்களுக்கென ஓர் அலுவலகம் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே கூறுகிறது. அந்த அலுவலகம் பெயர்ப் பலகையோடு நின்றுவிடாமல் பதிவு, தங்குமிடம், காவல் நிலையப் புகார் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். பரிமாற்ற மாணவர்களுக்கு முதல் நாளிலேயே விடுதி இடம் உறுதி செய்யப்பட வேண்டும். வாடகை வீடு தேடுவோருக்குப் பல்கலைக்கழகமே பிணை நிற்கலாம்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. இனத்தைக் காரணமாகக் கொண்டு கும்பலாகக் கொலை செய்வதற்கும் கொடுங்காயம் விளைவிப்பதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித் தண்டனை உண்டு. ஆனால் இனத்தைச் சுட்டி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் தனிப் பிரிவு வேண்டும் என்று பெஸ்பருவா குழு 2014-இல் செய்த பரிந்துரை நிறைவேறவில்லை. அந்தக் குழு அமைக்கப்பட்டது வெளிநாட்டவருக்காக அல்ல; தில்லியில் அவமதிக்கப்பட்ட வடகிழக்கு மாநில மக்களுக்காக. சொந்த நாட்டு மாணவரையே அந்நியராகப் பார்க்கும் நகரம் அயல்நாட்டு மாணவரை எப்படி அரவணைக்கும்?

வெளிநாட்டு மாணவர் இந்தியாவில் செலுத்தும் கட்டணம் சிறு தொகை. அவர் ஊர் திரும்பி நம்மைப் பற்றிச் சொல்லும் சொல்லின் மதிப்பு மிகப் பெரிது. 'அதிதி தேவோ பவ' என்று விமான நிலையத்தில் எழுதி வைத்தால் போதாது. அது வாடகை வீட்டின் வாசலிலும் காவல் நிலையத்திலும் மெய்ப்பட வேண்டும். விளம்பரத் திட்டங்களால் எட்ட முடியாத இலக்கை அந்த மாற்றம் தானாகவே கொண்டுவந்து சேர்க்கும்.