பனியில் மடிந்த மாடுகள்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே மனிதர்களைவிட மாடுகள் அதிகம். பனியும் குளிரும் அவற்றுக்குப் பழகிப்போனவை.

ஆனால், 2013-ம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் வீசிய ஒரு பனிப்புயலில் பல்லாயிரம் மாடுகள் செத்து மடிந்தன. பழகிய குளிர் ஏன் கொன்றது?

புயல் காலம் தவறி வந்தது. அதுதான் காரணம். குளிர்காலம் நெருங்கும்போது மாட்டுக்கு அடர்த்தியான ரோமம் வளரும். அக்டோபர் தொடக்கத்தில் அது வளர்ந்திருக்கவில்லை. மந்தைகளும் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒதுங்க இடம் இல்லாத கோடைகால மேய்ச்சல் வெளிகளில் நின்றன.

முதலில் மழை கொட்டியது. மாடுகள் தோல்வரை நனைந்தன. பிறகு பனி. மணிக்கு சுமார் 70 மைல் வேகத்தில் காற்று! அடர்ந்த ரோமம் உலர்ந்து இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி குளிரையும் மாடு தாங்கும். நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதல் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கும். ஈரத் துணியோடு காற்றில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

புயலில் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கும். நடந்துகொண்டே இருக்கும். வேலி உயரத்துக்குப் பனி குவிந்ததால் வேலியையும் தாண்டிப் பல மைல் போயின. பள்ளங்களில் விழுந்தன. சாலை ஓரங்களில் கிடந்த மாடுகளைச் சூட்டுக்குறியைப் பார்த்துத்தான் உரிமையாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

"முன்னதாகவே ஓட்டி வந்திருக்கலாமே!" என்று சொல்வது எளிது. தொலைவில் பரந்து மேயும் நூற்றுக்கணக்கான மாடுகளை ஓரிரு நாளில் சேர்ப்பது நடக்கிற காரியமா? பண்ணைக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு. காற்றைத் தடுக்க வரிசையாக மரம் வளர்க்கலாம். குளிருக்கு முன்பே உலர்ந்த புல்லைத் தாராளமாகப் போடலாம். புல் செரிக்கும்போது மாட்டின் வயிற்றில் சூடு பிறக்கிறது. அதற்கு மேல் சர்க்கார்தான் கைகொடுக்க வேண்டும்.

அங்கே நடந்தது என்ன? செலவுக்குப் பணம் ஒதுக்குவதில் அரசியல்வாதிகளுக்குள் தகராறு. அக்டோபர் 1-ந் தேதி முதல் பல சர்க்கார் அலுவலகங்கள் மூடப்பட்டன. விவசாய அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. கால்நடை நஷ்டஈட்டுத் திட்டமோ முன்பே காலாவதி ஆகியிருந்தது. செத்த மாடுகளைப் படம் எடுத்து, கணக்கு எழுதி வைத்துக்கொண்டு விவசாயிகள் காத்திருந்தார்கள். திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்த சட்டம் 2014 பிப்ரவரியில்தான் வந்தது. பழைய நஷ்டத்துக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அது நல்லதே. ஆனால், புயலுக்கு முன்பே இருக்கவேண்டிய திட்டம் அல்லவா? கட்சிச் சண்டைக்கு மாடு என்ன பாவம் செய்தது?

சட்டத்துக்காக மற்ற பண்ணைக்காரர்கள் காத்திருக்கவில்லை. மொன்டானா முதலிய மாநிலங்களில் இருந்து, தங்கள் மந்தையில் இருந்த சினைக் கிடாரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வசந்தகாலத்தில் கன்று போடவேண்டிய மாடுகள் அவை.